பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பித்த கதை

அண்மைக் காலமாக எங்கள் கதையைக் கேள்விப்பட்டுச் சில தாய்மார் ரெலிபோன் எடுக்கிறார்கள். "இந்த நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமாம், உண்மையோ? செலவு எவ்வளவு வரும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் கதைத்தும் பாதியைத்தான் சொல்ல முடிகிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியை அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தவள். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை.

எங்கள் மூத்தவள் 2022 செப்டெம்பரில் இயர் செவனில் சேர்ந்தாள். நாங்கள் லண்டனுக்கு வந்து அப்போது மூன்று மாதம். முதல் வருடம் ஆங்கிலம் விளங்காமல் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. இயர் எய்ற்றில் வாய் திறந்து பேசத் தொடங்கினாள், பிரச்சினையும் தொடங்கியது. அவள் சொற்களை உச்சரிக்கும் விதத்தைச் சில பிள்ளைகள் பழித்துக் காட்டினார்கள். சாப்பாட்டுப் பெட்டி மணக்கிறது என்றார்கள். ஒரு நாள் அவள் வகுப்பில் எழுந்து நின்று வாசித்ததை யாரோ ரெலிபோனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அப்போது தெரிந்தது, காலை ஏழரை மணிக்கு வயிற்றுவலி, எட்டு மணிக்குச் சத்தி, பத்து மணிக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான். பொய் சொல்கிறாள் என்று நான் இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

வரவு குறைந்துவிட்டது, அபராதம் வரலாம் என்று கடிதம் வந்தது. 2024 ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பொறுப்பான ஒருவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். "பிள்ளைக்கு இந்தச் சூழல் ஒத்துவரவில்லை. நீங்கள் வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது, அபராதமும் இல்லை" என்றார். கடிதத்தைத் தட்டச்சுச் செய்தே வைத்திருந்தார். நாங்கள் கையெழுத்து மட்டும் போடவேண்டும். இவர் பேனையை எடுத்துவிட்டார். உத்தியோகத்தர் ஒருவர் தாளை நீட்டினால் முதலில் கையெழுத்து, பிறகு வாசிப்பு என்பது எங்கள் ஆட்களின் பழக்கம் அல்லவா! அன்று எனக்கு என்ன தோன்றியதோ, "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறோம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். பல வருடங்களாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் வகுப்பு உதவியாளராக வேலை செய்தவர். கடிதத்தை வாசித்துவிட்டு அவர் சொன்னது இது:

"தங்கச்சி, இதில கையெழுத்து வைச்சால் பிள்ளையின்ர பெயரை இடாப்பில இருந்து வெட்டிப்போடுவினம். பேந்து படிப்புச் செலவு முழுக்க உங்கட தலையில. சோதனைக் காசும் நீங்கள்தான் கட்டவேணும். நாளைக்குத் திரும்பிப் போகப்போறாள் எண்டால் அந்த இடம் காத்துக்கொண்டிராது. நீங்களாய் விரும்பிச் செய்யிறது வேற, அவை சொல்லி நீங்கள் செய்யிறது வேற. முதல் எது எண்டு யோசியுங்கோ."

அதன் பிறகுதான் நான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வியைக் கொடுக்கும் கடமை பெற்றோருடையது என்கிறது. அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச் செய்யலாம், "அல்லது வேறு விதமாக"வும் செய்யலாம். இந்தச் சின்னச் சொற்றொடர்தான் எல்லாவற்றுக்கும் வாசல். 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. 1977இல் தொடங்கிய வீட்டுக்கல்விப் பெற்றோர் சங்கம் ஒன்று இதையே தன் பெயராக வைத்துக்கொண்டது: எடியுகேசன் அதர்வைஸ். அரசாங்கப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. பெற்றோருக்கு ஆசிரியத் தராதரம் வேண்டியதில்லை. நேரசூசியும் இல்லை. ஆனால் அரசாங்கம் ஒரு சதமும் தராது. 2024 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் சுமார் 1,11,700 பிள்ளைகள் இப்படி வீட்டில் படித்தார்கள் என்று கல்வித் திணைக்களம் கணக்கிட்டிருக்கிறது. நான் நினைத்ததைப்போல இது யாரும் செய்யாத காரியம் அல்ல.

அதே சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதை எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வருத்தத்தினாலோ வேறு காரணத்தினாலோ பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாமல் இருந்தால், அதற்குத் தகுந்த படிப்பை ஒழுங்கு செய்வது கவுன்சிலின் கடமை. மனவருத்தமும் இதற்குள் அடங்கும். பதினைந்து நாட்களுக்கு மேல் போகமுடியாது என்று தெரிந்தால் கேட்கலாம். டொக்டரின் கடிதம் கையில் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும், ஏனென்றால் படிப்பிக்கும் பொறுப்பை நாங்களாகவே ஏற்றுக்கொண்டோம் என்று ஆகிவிடுகிறது. அந்த அன்பான கடிதத்தின் விலை அதுதான்.

ஆகவே நாங்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை. டொக்டரிடம் கொண்டுபோனோம், அவர் கடிதம் தந்தார், ஆற்றுப்படுத்தல் சேவைக்கும் எழுதினார். பள்ளிக்கூடத்தில் அரைநாள் மட்டும் வரலாம் என்று ஒழுங்கு செய்தார்கள். மூன்று நாள் போனாள். நான்காம் நாள் பாதி வழியில் மழைக்குள் திரும்பி நடந்து வந்துவிட்டாள். நனைந்தபடி படியில் இருந்த பிள்ளையைப் பார்த்தபோதுதான், இனி விரும்பியே செய்வோம் என்று எனக்குத் தோன்றியது. கவுன்சிலின் ஒழுங்குக்குக் காத்திருந்திருக்கலாம். மற்றவர்கள் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். என் பொறுமை முடிந்துவிட்டது.

இவர் சம்மதிக்கவில்லை. "செல்லுக்கையும் பள்ளிக்கூடம் போன ஆக்கள் நாங்கள். இஞ்ச சும்மா குடுக்கிற பள்ளிக்கூடத்தை வேண்டாம் எண்டு விடுறதோ? நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் 1995ஐ ஞாபகப்படுத்தினேன். அந்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்குப் பதினொரு வயது. சாவகச்சேரியில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் ஐந்து குடும்பம் இருந்தோம். பள்ளிக்கூடங்களில் எல்லாம் அகதிகள். அந்த மாதங்களில் எங்களைப் படிப்பித்தது இளைப்பாறிய வாத்தியாரான அப்பப்பாதான். கொப்பி இல்லை, முற்றத்து மண்ணில் விரலால் கணக்குச் செய்தோம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கில் ஒரு மணித்தியாலம்தான் வாசிப்பு. திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நான் வகுப்பில் பின்தங்கவில்லை. "அப்பப்பா வாத்தியார், நீர் வாத்தியாரோ?" என்று இவர் கேட்டார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஒரு வருடம் மட்டும் என்று பேசிக்கொண்டோம்.

2024 பெப்ரவரியில் எங்கள் சொந்தக் கடிதத்தை எழுதினோம். ஆறு வரி. இன்ன திகதியிலிருந்து எங்கள் பிள்ளையின் கல்வியை நாங்களே பொறுப்பேற்கிறோம், இடாப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள், எடுத்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். அவ்வளவுதான். சாதாரண பள்ளிக்கூடம் என்றபடியால் யாருடைய அனுமதியும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. விசேட பள்ளிக்கூடத்தில் கவுன்சில் சேர்த்த பிள்ளை என்றால் கவுன்சிலின் சம்மதம் வேண்டும்.

இனிச் செலவு. முதலில் நான் விசாரித்தது கொம்பியூட்டர் வழியாக நடக்கும் தனியார் பள்ளிக்கூடங்களை. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். அடுத்த நாளே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பிறகுதான் இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு என்று தெரிந்தது. ஓக் நஷனல் அக்கடமி என்று 2020இல் கொரோனாக் காலத்தில் ஆசிரியர்கள் தொடங்கியது, வகுப்பு வகுப்பாக, பாடம் பாடமாக ஒளிப்படப் பாடங்கள் வைத்திருக்கிறது. பீ.பீ.சி. பைற்சைஸ் இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை. இயர் செவன் முதல் நைன் வரை உள்ள மூன்று வருடத்தையும் இங்கே கீ ஸ்ரேஜ் த்ரீ என்கிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் சரியான பாடம் வரும். சீ.ஜீ.பீ. பயிற்சிப் புத்தகங்களை அறநிலையக் கடைகளில் ஒரு பவுண், இரண்டு பவுணுக்குப் பொறுக்கி எடுத்தேன். முன்பு வைத்திருந்த பிள்ளை பென்சிலால் எழுதியிருந்தால் அழிறப்பர் போதும்.

எங்கள் உண்மையான பள்ளிக்கூடம் ஈஸ்ற்ஹாம் நூலகம்தான். இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் வீட்டில் நித்திரை. ஒரு அறையும் ஒரு சின்னக் கூடமும் உள்ள வீட்டில் நித்திரை கொள்ளுகிற மனிதரையும் படிக்கிற பிள்ளையையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது. காலை ஒன்பதரைக்குச் சின்னவனை ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நானும் அவளும் நூலகத்துக்குப் போவோம். சூடு இருக்கிறது, மேசை இருக்கிறது, கொம்பியூட்டர் இருக்கிறது. பன்னிரண்டரை வரை ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம். ஒன்றோடொன்று இருந்து படிப்பிக்கும்போது மூன்று மணித்தியாலம் தாராளமாகப் போதும். பள்ளிக்கூடத்தில் ஆறு மணித்தியாலத்தில் பாதி இடாப்புக் கூப்பிடுவதிலும் வகுப்பு மாறுவதிலும் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் நான் அவளைவிடப் பின்னுக்கு நின்றேன். அதை மறைக்க முயன்று முதல் மாதத்தை வீணாக்கினேன். பிறகு ஒரு வழி கண்டோம். அவள் பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தவேண்டும், நான் மடத்தனமான கேள்வியெல்லாம் கேட்பேன். பல நேரம் அந்தக் கேள்விகள் நடிப்பும் அல்ல. படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. தமிழ், அம்மம்மாவின் பங்கு. வாரத்தில் இரண்டு பின்னேரம் ஊரிலிருந்து ரெலிபோனில் சொல்வதெழுதல்.

விஞ்ஞானம் குசினியில் நடந்தது. அமிலம், காரம் என்ற பாடம் வந்தபோது நிறங்காட்டி வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். உடுப்புச் சோடாவைப் போட்டதும் சிவந்தது, தேசிக்காய்ப் புளி விட்டதும் திரும்ப மஞ்சளாயிற்று. "அம்மா, ஆராத்தித் தண்ணி ஏன் சிவப்பு எண்டு இப்பதான் தெரியுது!" என்றாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறது என்று அதுவரை நானும் யோசித்ததில்லை.

வியாழக்கிழமைகளில் வெளியே போவோம். பதினொன்று முதல் பதினைந்து வயது வரையான லண்டன் பிள்ளைகளுக்கு உள்ள சிப் ஒயிஸ்ரர் அட்டையில் பஸ் இலவசம், வீட்டில் படிக்கிற பிள்ளைக்கும் அது உண்டு. ஈஸ்ற்ஹாமில் டிஸ்றிக்ற் லைன் ஏறினால் மாறாமல் சவுத் கென்சிங்ரனில் இறங்கலாம். இயற்கை வரலாற்று நூதனசாலையும் விஞ்ஞான நூதனசாலையும் பக்கத்தில் பக்கத்தில், நுழைவுக்குக் காசில்லை. பிரிட்டிஷ் நூதனசாலையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான, பொன் பூசிய தாரா சிலை ஒன்று நிற்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுக்கப்பட்டு, தேசாதிபதி பிரவுண்றிக் கொண்டுவந்து 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தது. மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "இவவும் எங்களைப்போல வந்தவதான்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து நான் கேட்காமலே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். அதுவரை ஒரு பந்திக்கே நான் கெஞ்சவேண்டியிருந்தது.

கணிதத்துக்கு மட்டும் காசு கொடுத்தோம். தனியாக ரியூசன் என்றால் மணித்தியாலத்துக்கு முப்பது பவுண் கேட்டார்கள். ஊரில் ரியூட்டரியில் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் நாலு பிள்ளைகளைச் சேர்த்துத் தந்தால் தலைக்கு எட்டுப் பவுண் என்றார், கிழமைக்கு ஒரு நாள். மற்ற மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து இருந்ததே இவளுக்குப் பெரிய மருந்து.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கடைக்கு மேலே ஒரு அறையை எடுத்து, "பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை நாள் முழுக்க வைத்துப் படிப்பிக்கிறோம், மலிவு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ முழுநேரம் படிக்கும் இடம் தனியார் பள்ளிக்கூடமாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் நடத்துவது குற்றம். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், மழுப்பினால் திரும்பி வாருங்கள்.

மூன்றாம் மாதம் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு நெஞ்சு பதறியது. கவுன்சிலுக்குச் சொல்வது ஹோம் ஒபிசுக்குச் சொல்வதுபோல என்று எங்களில் பலர் நினைக்கிறோம். வருபவர் குடிவரவு உத்தியோகத்தர் அல்ல, பிள்ளை படிக்கிறதா என்று பார்க்க வருபவர். விசாக் கடுதாசி எதையும் அவர் கேட்கவில்லை. அகதி மனுவின் முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இங்கே படிக்க உரிமை உண்டு. வீட்டுக்கு வரவிடத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றாலும், பதில் எழுதாமல் இருப்பது புத்தியல்ல. படிப்பு நடக்கவில்லை என்று கண்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி கட்டளை போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நான் என்னென்ன படிப்பிக்கிறோம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பிறகு அந்த அம்மையார் வந்தார், கொப்பிகளைப் புரட்டினார், தேத்தண்ணீர் குடித்தார், மகளோடு பத்து நிமிடம் தாராவைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த சட்டமூலத்தில், வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கவுன்சில் பதிவேட்டில் பதிவதைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு இருந்தது. ஆகவே நீங்கள் முடிவெடுக்கும் நாளில் என்ன விதி என்று உங்கள் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒக்ரோபரில் இருந்து அவள் ஜன்னலில் நின்று மூன்றரை மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினாள். நானும் அவளும் நாள் முழுக்க ஒன்றாக இருந்து ஒன்றாக எரிச்சல்பட்டோம். கிழமைக்கு ஒருநாள் பூப்பந்து விளையாட விட்டது கொஞ்சம் உதவியது. கோயிலில் கண்டவர்கள், "என்ன, மகளைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போட்டியளாம்?" என்று கேட்டார்கள். கலியாணத்துக்கோ என்று கேட்கவில்லை, அந்த அளவில் சந்தோசம்.

அப்போதுதான் சோதனைச் செலவையும் கணக்குப் பார்த்தேன். ஜீ.சீ.எஸ்.ஈ.யை வெளிப் பரீட்சார்த்தியாக எழுதினால் ஒவ்வொரு பாடத்துக்கும் நாங்களே கட்டவேண்டும், ஒரு பாடத்துக்கு நூறு பவுணுக்கு மேலே போகிறது, எழுத விடும் நிலையத்தையும் நாங்களே தேடவேண்டும். வீட்டில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சோதனைத்தாள் மட்டும் உள்ள இன்ரநஷனல் ஜீ.சீ.எஸ்.ஈ.யைத்தான் எடுக்கிறார்கள். எட்டுப் பாடம் என்றால் எங்களுக்குக் கட்டாது. பதினான்கு வயதானபின் வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பகுதிநேரமாகக் காசில்லாமல் சேர்க்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. எங்களுக்கு எட்டக்கூடிய ஒன்றில் அப்போது இடம் இருக்கவில்லை.

திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டேன். "அங்க இல்லை, வேற இடம் எண்டால் போறன்" என்றாள். இங்கேதான் நான் விட்ட பிழை தெரிந்தது. பெயரை எடுக்க முன்னரே வேறு பள்ளிக்கூடங்களுக்கு மாற்றம் கேட்டு, காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கலாம். இடாப்பில் இருந்துகொண்டும் கேட்கலாம், வீட்டில் படித்துக்கொண்டும் கேட்கலாம். எனக்கு அது தெரியவில்லை. நவம்பரில் விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் காத்திருந்தோம். 2025 ஏப்பிரலில், இயர் நைனின் கடைசித் தவணைக்கு, இரண்டு பஸ் தூரத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கும்போது வைத்த சோதனையில் கணிதத்தில் நல்ல புள்ளி. பிரெஞ்சு சுத்தமாக இல்லை, நான் அதைத் தொடவே இல்லை.

பதினான்கு மாதச் செலவைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மாஸ்ரருக்கு 320 பவுண். புத்தகங்கள் 38. பழைய பிரின்ரர், மை, தாள் 75. வியாழக்கிழமை ரயில் 60. விஞ்ஞானச் சாமான் 15. பூப்பந்து 52. மொத்தம் 560 பவுண். ரெலிபோனில் கேட்கிறவர்களுக்கு இந்தத் தொகையைச் சொன்னவுடன் "அட, மலிவுதான்" என்கிறார்கள். அந்தக் கொப்பியில் நான் எழுதாத வரி ஒன்று இருக்கிறது. கிழமைக்கு முப்பத்தாறு மணித்தியாலம் செய்த வேலையைப் பதினாறாகக் குறைத்து, சனி ஞாயிறில் மட்டும் போனேன். அந்த வருடம் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 11.44 பவுண். இருபது மணித்தியாலத்துக்கு 228 பவுண், ஒவ்வொரு கிழமையும். வரிக் கழிவையெல்லாம் பார்க்காமல் சொன்னால் பதினான்கு மாதத்தில் பதின்மூவாயிரத்துக்கு மேல். அக்காவுக்கு ஊருக்கு அனுப்பவேண்டிய காசு இன்னும் கடனாக நிற்கிறது. இவர் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடாத அந்த முதல் கடிதம் லாச்சிக்குள் இருக்கிறது. உங்களுக்கும் யாராவது அப்படி ஒரு தாளை நீட்டினால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் ஆசிரியர் குழுவிடம் என் இலக்கம் இருக்கிறது. ஞாயிறு வேலை நான்கு மணிக்கு முடியும். ஐந்து மணிக்குப் பிறகு நானும் மேல்மாடி அக்காவும் வீட்டில்தான் இருப்போம், மகளும் இருப்பாள். இப்போது கடிதங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான்.

– ஒரு தாய், கிழக்கு லண்டன்